சலுகை யூனிட் போதும் என்பவர்களுக்கு

காஞ்சிபுரத்தில் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: “நெசவாளிக்குத்தான் கரன்ட் சும்மா கிடைக்கிறதே, அவருக்கு எதற்கு சோலார்?” பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டிலும் இதைக் கேட்கலாம், சங்கக் கூட்டத்திலும் கேட்கலாம், திட்டத்தை நடத்திக்காட்ட வேண்டிய அலுவலரின் மேசையிலும் கேட்கலாம். நெசவாளர்மீது அக்கறை உள்ளவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் கவலை தருகிறது. இந்தக் கருத்து தவறு. ஒரு நகரத்தையே அதன் தலைக்குமேல் கொட்டிக் கிடக்கும் செல்வத்திலிருந்து விலக்கிவைக்கிற தவறு.

முதலில் அந்த வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துவைப்போம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016 முதல் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு 200 யூனிட்டாக இருந்த சலுகை 2023-இல் 300 யூனிட்டாக உயர்ந்தது; விசைத்தறிக்கு 750 யூனிட் 1,000 ஆனது. குழித்தறியில் கையாலும் காலாலும் நெய்கிறவருக்கு விளக்கு, விசிறி, தார் சுற்றும் சிறு மோட்டார் இவற்றைத் தாண்டித் தொழிலுக்குப் பெரிய மின்தேவை இல்லை. பில்லே வராதவர் பில்லைக் குறைக்க ஏன் கடன் வாங்க வேண்டும்? பல வீடுகள் பழைய ஓட்டு வீடுகள், பலர் வாடகைக்கு இருப்பவர்கள். பெரிய சோலார் பண்ணையில் ஒரு யூனிட்டின் விலை கூரையில் ஆவதைவிடக் குறைவு. வெயில் பகலில் அடிக்கிறது, மின்தேவையோ மாலையில் ஏறுகிறது. போதாக்குறைக்கு இது கோயில் நகரம். கூரையெல்லாம் கறுப்புத் தகடு வேய்ந்தால் ஊரின் தோற்றம் கெடும். ஆகவே சோலார் என்பது வசதியுள்ளவரின் மொட்டை மாடிக்கும் தென் மாவட்டங்களின் வெட்டவெளிக்கும் உரியது, நெசவாளருக்குச் சலுகை யூனிட் போதும். இதுதான் வாதம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு நெசவுக் குடும்பத்தின் இன்றைய பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கணக்கு அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் அந்த பில்லில் அரசு கட்டும் பணம் தெரியாது, நாளைய விலை தெரியாது, அந்தக் குடும்பம் இழக்கும் வாய்ப்பும் தெரியாது. அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

1. செலவில்லாத யூனிட் எங்கே இருக்கிறது?

நெசவாளர் பணம் கட்டாத ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரசு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. அந்த வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. சலுகை யூனிட்டின் விலையை யாரோ ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் செலுத்திக்கொண்டேதான் இருக்கிறார். செலுத்திய மறுநாளே அந்தப் பணம் தீர்ந்துபோகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவாட் சோலார் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். காஞ்சிபுரத்து வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மழைநாள், தூசி எல்லாவற்றையும் கழித்து ஆண்டுக்கு 1,400 யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நெசவாளருக்கு அரசு தரும் முழுச் சலுகையும் ஆண்டுக்கு 1,800 யூனிட். அதாவது, ஒரு படுக்கையறை அளவுக்குக் கூரை இருந்தால் சலுகையின் முக்கால் பங்கு அந்த வீட்டின் மீதே விளைந்துவிடும். வீடு பயன்படுத்தாத மிச்சம் கம்பி வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். எப்படிப் பார்த்தாலும் அந்த 1,400 யூனிட்டை வாரியம் வெளியில் வாங்க வேண்டியதில்லை.

இப்போது விலை. ஒரு கிலோவாட் அமைப்புக்கு 70,000 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒன்றிய அரசு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் தருகிறது. மீதி 40,000. கம்பி, மின்மாற்றி, ஊழியர் சம்பளம் போன்ற நிலையான செலவுகளை விட்டுவிட்டு, மின்சாரத்தை வாங்கும் விலையையும் வழியில் ஆகும் இழப்பையும் மட்டும் சேர்த்து யூனிட்டுக்கு 5 ரூபாய் மிச்சம் என்றால், ஆண்டுக்கு 7,000 ரூபாய். ஆறு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். நண்பகலில் சந்தையில் மின்சாரம் மலிவு, 5 ரூபாய் அதிகம் என்று ஒருவர் மறுத்தால் 4 ரூபாயே வைத்துக்கொள்ளட்டும். ஏழு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். தகட்டுக்கு உற்பத்தியாளர்கள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் 25 ஆண்டு. இடையில் ஓரிரு முறை இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் பதினைந்து ஆண்டுக்குக் குறையாத ஆதாயம் அரசுக்கு மிஞ்சுகிறது.

இதே பணத்தைத்தான் அரசு இப்போதும் செலவிடுகிறது. ஒரே வேறுபாடு, இப்போது அது எந்தச் சொத்தையும் உண்டாக்காமல் செலவாகிறது. இலவச மின்சாரம் இருப்பதால் சோலார் தேவையில்லை என்பது தலைகீழான வாதம். இலவச மின்சாரம் தரும் அரசுக்குத்தான் நெசவாளர் கூரையில் முதலீடு செய்ய மற்ற எல்லோரையும்விட வலுவான காரணம் இருக்கிறது.

2. சலுகையின் சாவி யார் கையில் இருக்கிறது?

நிச்சயமாக நெசவாளர் கையில் இல்லை. 200 யூனிட்டை 300 ஆக்கியது அரசு. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் நாளை நிதி நெருக்கடியில் ஓர் அரசு அதைக் குறைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எட்டு ஆண்டுகளாக உயராதிருந்த மின்கட்டணம் 2022 செப்டம்பரில் உயர்ந்தது, அதன் பிறகும் உயர்ந்தது. சலுகை வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு யூனிட்டும் அந்தப் புதிய விலையில்தான் விழுகிறது. குளிர்சாதனப் பெட்டியும் கோடையில் இரவு முழுக்க ஓடும் விசிறியும் தறி வீட்டிலும் இருக்கின்றன. பிள்ளைகள் படிக்கும் வீட்டில் தேவை ஆண்டுதோறும் ஏறும், இறங்காது.

2019–20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூட ஈட்டாதவை. அத்தகைய குடும்பத்துக்கு எது பாதுகாப்பு? அரசு தரும்வரை கிடைக்கும் யூனிட்டா, கால் நூற்றாண்டு நிலைக்கும் உடைமையா? முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்வதற்கும் சொந்தத் தறியில் நெய்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் காஞ்சிபுரத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதே வேறுபாடுதான் இங்கேயும். தறியில் சொந்தம் வேண்டும் என்று கேட்கத் தெரிந்த ஊர், மின்சாரத்திலும் அதைக் கேட்கலாம்.

3. “பணத்துக்கு எங்கே போவது?”

இந்தக் கேள்வி நியாயமானது. மானியம் தகடு பொருத்தி முடித்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதல் தொகையைப் புரட்டுவது, கூலியை எதிர்பார்த்து வாழும் வீட்டுக்கு முடியாத காரியம். வங்கிக் கடனுக்கு வழி இருக்கிறது என்றாலும், பில் வராத வீட்டில் எந்த மிச்சத்திலிருந்து தவணை கட்டுவது?

ஆனால் இதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பிழை. நெசவாளர் பணம் போட முடியாது என்றால், பலன் பெறும் வாரியமும் அரசும் போடட்டும். இதற்கு விதிமுறையே இருக்கிறது. பல வீடுகளை ஒன்றாகத் திரட்டி மின் பகிர்மான நிறுவனமே தகடுகளை நிறுவித் தரும் முறைக்கு, சூரிய வீடு திட்டத்தின் கீழ் 2024 இறுதியில் ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. ஆந்திரம் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் கூரைகளில் 2 கிலோவாட் அமைப்பை இலவசமாக நிறுவும் திட்டத்தை அறிவித்தது. பீகார் 2025-இல் வீடுகளுக்கு மாதம் 125 யூனிட்டை இலவசமாக்கியது. அதே அறிவிப்பில், மிக ஏழைக் குடும்பங்களின் கூரைகளில் சோலார் அமைக்கும் செலவை அரசே ஏற்கும் என்றும் சொன்னது. இலவசமும் சோலாரும் ஒன்றையொன்று விலக்கும் என்று இங்கே நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, நம்மைவிட ஏழை மாநிலம் இரண்டையும் ஒரே மூச்சில் அறிவிக்கிறது.

ஏழையின் கூரைக்கு சோலார் ஒத்துவராது என்ற நினைப்புக்குத் தமிழ்நாட்டின் சொந்த வரலாறே பதில். 2011–12-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடுகள் ஆண்டுக்கு 60,000 என்ற இலக்கோடு கட்டப்பட்டன. வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் அதன் பகுதி. சோலார் தகடு இன்று விற்கும் விலையைவிடப் பலமடங்கு கூடுதலாக விற்ற காலத்தில் ஏழை வீட்டின் மீது அதை ஏற்றிய மாநிலம் இது. வங்கதேசம் 2003-இல் தொடங்கிய வீட்டுச் சூரியவிளக்குத் திட்டத்தில், மின்கம்பி எட்டாத கிராமங்களின் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறு கடனிலும் தவணையிலும் தகடுகளைக் கொண்டுசேர்த்தது. அவற்றில் எத்தனையோ தகரக் கூரை வீடுகள். அங்கே முடிந்தது, பட்டு நெய்து நாடெங்கும் அனுப்பும் ஒரு மாநகராட்சியில் முடியாதா?

4. “கூரைக்கு எங்கே போவது?”

ஓட்டு வீடு, பழைய மெட்ராஸ் தெரஸ், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் குறுகிய நீண்ட வீடுகள், வாடகைக் குடித்தனம் எல்லாம் உண்மை. பாரம் தாங்காத கூரையில் தகட்டை ஏற்றச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் ஒருவரின் மின்சாரம் அவரவர் கூரையிலேயே விளைய வேண்டும் என்று யார் விதித்தது? ஓரிடத்தில் பொதுவாகத் தகடுகளை நிறுவி, அதில் விளையும் யூனிட்டுகளைப் பல வீட்டு மீட்டர்களில் பங்கிட்டு வரவு வைக்கும் முறைக்கு டெல்லி 2019-இலேயே வழிவகுத்தது. சொந்தக் கூரை இல்லாதவரும் பங்குதாரர் ஆகலாம்.

இந்த முறைக்குக் காஞ்சிபுரத்தைப் போலப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அதிகம் இருக்காது. உறுப்பினர் பட்டியல், பங்குத்தொகை, கணக்குப் புத்தகம், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் என எல்லாம் கொண்ட பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே பல தலைமுறையாக இயங்குகின்றன. பட்டும் சரிகையும் வாங்கி உறுப்பினருக்குப் பங்கிட்டு, நெய்த சேலையைத் திரும்பப் பெற்றுக் கூலியைக் கணக்கிடத் தெரிந்த அமைப்புக்கு, யூனிட்டைப் பங்கிடுவது புதிய வித்தையல்ல. சங்கக் கட்டடங்கள், கிடங்குகள், கீழ்க்கதிர்ப்பூர் பட்டுப்பூங்கா, அரசுப் பள்ளிகள், சந்தை, பேருந்து நிலையம் என்று கான்கிரீட் கூரைகள் ஏராளம். குறைவது கூரை அல்ல, அந்தக் கூரைகளை நெசவாளர் பெயரில் எழுதும் விதி.

5. “பெரிய பண்ணையில் மலிவாக விளையும்போது கூரை எதற்கு?”

பெரிய பண்ணையில் யூனிட் மலிவு என்பதை மறுக்கவில்லை. தேசிய சூரியசக்தி இயக்கம் தொடங்கிய 2010-இல் ஏலத்தில் யூனிட் விலை 12 ரூபாயை ஒட்டி இருந்தது. 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசாக இறங்கியது. 2020 இறுதியில் குஜராத்தில் 2 ரூபாய்க்கும் கீழே போனது. 2014-இல் 3 கிகாவாட்டுக்கும் குறைவான சூரிய மின்திறன் கொண்டிருந்த இந்தியா, 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டைத் தாண்டியது. வளரும் நாடு ஒன்றின் பெரும் சாதனை இது. பெரிய பண்ணைகள் இல்லாமல் நடந்திருக்காது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். 2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. உலகிலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப்பெரிய சூரிய மின் நிலையம் என்று அன்று பேசப்பட்டது. அந்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று 25 ஆண்டுக்கு ஒப்பந்தம். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டின் ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசாகச் சரிந்தது. ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. பண்ணை விலை மலிவு என்பது எந்த ஆண்டில் யாரோடு கையெழுத்திட்டோம் என்பதைப் பொறுத்தது.

விலையைவிட முக்கியமானது, பண்ணையின் வாசலில் சொல்லும் விலை பிள்ளையார்பாளையத்து மீட்டரில் சொல்லும் விலையாக இருப்பதில்லை. நடுவில் பல நூறு கிலோமீட்டர் கம்பி, துணைமின் நிலையங்கள், வழியெங்கும் இழப்பு. மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் நிலம் வேண்டும். மேய்ச்சல் நிலமும் மானாவாரிக் காடும் அதற்கு இரையாகின்றன. கூரைக்கு நிலம் வாங்க வேண்டாம். விளைகிற இடத்திலேயே செலவாவதால் கம்பியின் பாரமும் குறையும். பண்ணையின் ஆதாயம் முதலீட்டாளருக்குப் போகும், கூரையின் ஆதாயம் தெருவில் தங்கும். இரண்டும் வேண்டும் என்பதே சரியான நிலை. 2022-க்குள் 100 கிகாவாட் என்று 2015-இல் நாடு இலக்கு வைத்தபோது, அதில் 40 கிகாவாட் கூரையில் என்றுதான் வகுத்தது. 2022 முடிந்தபோது கூரை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பண்ணையை எப்படியும் கட்டிவிடுவார்கள். தள்ளிப் போடப்படுவது எப்போதும் கூரைதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டம் சோலார் தகடு செய்யும் மாவட்டம். ஒரகடத்தில் விக்ரம் சோலாரின் ஆலை 2021-இல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் தகடு செய்யும் ஆலையை 2024 ஜனவரியில் திறந்தது. ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் தகடு உருவாகிறது. நெசவுத் தெருவோ அது தனக்கான பொருள் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நெசவை விட்டு வெளியேறும் இளைஞர்கள் அந்தத் தொழிற்பேட்டைகளுக்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கைக்குப் பழகிய பொருளை அவர்கள் வீட்டுக்கே கொண்டுவருவதும், பொருத்துவதும், துடைத்துப் பராமரிப்பதும் ஊருக்குள்ளேயே உருவாகக்கூடிய வேலைகள்.

6. “இருட்டினால் என்ன செய்வது?”

தறி இருட்டில் ஓடுவதில்லை. இழைக்கு இழை பார்த்துக் கோர்வை சேர்க்கும் வேலை பகல் வெளிச்சத்தை நம்பியே நடக்கிறது. தார் சுற்றும் மோட்டாரும், நண்பகல் வெக்கையில் தறிக்குழிக்கு மேல் ஓடும் விசிறியும், உள்வீட்டு இருட்டை நீக்கும் டியூப்லைட்டும் வேலை நேரத்தில்தான் எரிகின்றன. வெயிலின் நேரமும் நெசவின் நேரமும் இவ்வளவு பொருந்தும் தொழில்கள் சில.

மாலைத் தேவைக்கு வீடு வழக்கம்போல வாரியத்தின் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளும். பகலில் அனுப்பியதும் இரவில் எடுத்ததும் மீட்டரில் கழிக்கப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறைவதைப் பங்குனி, சித்திரை வெயில் ஈடுகட்டும். ஆனால் ஒரு தொழில்நுட்ப உண்மையை விற்பனையாளர்கள் மறைக்கக் கூடாது: பேட்டரி இல்லாத சாதாரணக் கூரை அமைப்பு மின்வெட்டின்போது வேலை செய்யாது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். மின்வெட்டிலும் விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியோடு இணைந்த இன்வெர்ட்டர் வேண்டும், அதற்குக் கூடுதல் செலவு ஆகும். வீட்டுக்கு வீடு பேட்டரி வைப்பதைவிட, சங்கக் கட்டடத்திலோ தெருவின் மின்மாற்றிக்கு அருகிலோ பொதுவாக ஒரு பேட்டரித் தொகுதி வைப்பது மலிவு. மாநிலத்தின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாலை நேர நெருக்கடிக்கு எப்படியும் சேமிப்பு அமைக்கத்தான் வேண்டும். அதில் ஒரு பகுதியை நெசவு நகரத்தில் தொடங்கலாம்.

7. “கோயில் நகரத்தின் தோற்றம் கெட்டுவிடாதா?”

கைலாசநாதர் கோயிலின் விமானத்துக்கு அருகில் எவரும் தகடு வைக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றிக் கட்டுமானத்துக்குத் தொல்லியல் சட்டம் வகுத்த எல்லைகள் இருக்கின்றன, அவை இருக்கட்டும். மாட வீதிகளில் கண்ணில் படாதபடி உள்சரிவிலும், மற்ற இடங்களில் பொதுக் கட்டடங்களிலும் அமைக்க முடியும்.

தொன்மையும் சோலாரும் சேராது என்பவர்கள் குஜராத்தின் மொதேராவைப் பார்க்கட்டும். பதினோராம் நூற்றாண்டுச் சூரியன் கோயில் நிற்கும் ஊர் அது. 2022 அக்டோபரில், இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் நாட்டின் முதல் கிராமமாக அது அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு 6 மெகாவாட் நிலையம், பேட்டரிச் சேமிப்பு, 1,300-க்கும் மேற்பட்ட வீட்டுக் கூரைகளில் தலா ஒரு கிலோவாட் அமைப்பு. பௌத்தத் தூபிகளால் உலகப் பாரம்பரியச் சின்னமான சாஞ்சி, 2023-இல் நாட்டின் முதல் சூரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரத்தின் தோற்றத்தைக் கெடுப்பவை கோபுரத்துக்குக் குறுக்கே தொங்கும் கம்பிக் கற்றைகளும் விளம்பரப் பலகைகளும். அவற்றைப் பொறுத்துக்கொள்கிற கண்ணுக்குத் தகடு மட்டும் உறுத்துவதற்கு நியாயமில்லை.

8. “மின்சாரம் பெருகினால் கைத்தறி விசைத்தறி ஆகிவிடாதா?”

இந்த அச்சத்தை மதிக்கிறேன். விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிப் பட்டு என்று விற்கும் மோசடியால் அடிபட்ட ஊர் இது. கைத்தறிக்கென்று பட்டுச் சேலை உள்ளிட்ட வகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தப் போராட்டத்தின் கவசங்கள். ஆனால் கூரையில் விளையும் கரன்ட்டுக்கும் கம்பியில் வரும் கரன்ட்டுக்கும் தறியின் முன்னே எந்த வேறுபாடும் இல்லை. ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைக்கலாமா, கூடாதா என்பது நெசவாளர்களும் கைத்தறித் துறையும் தனியே பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கும். கைத்தறியை உண்மையில் அழிப்பது வருமானமின்மை. அடுத்த தலைமுறை தறியில் அமராமல் போவதற்குக் காரணமும் அதுதான்.

“சலுகை போதும்” என்ற கருத்தே வென்றால் என்ன நடக்கும்?

பாகிஸ்தானைப் பாருங்கள். மின்கட்டணம் எகிறியதும் பணமுள்ளவர்கள் தாங்களாகவே தகடு வாங்கிப் போட்டார்கள். 2024-இல் மட்டும் அந்த நாடு ஏறத்தாழ 17 கிகாவாட் தகடுகளை இறக்குமதி செய்தது. அவர்கள் கம்பியிலிருந்து எடுப்பதைக் குறைத்ததும், கம்பியின் நிலையான செலவு மீதமிருந்தவர்களின் தலையில் ஏறியது. மீதமிருந்தவர்கள் யார்? தகடு வாங்க வழியில்லாதவர்கள். சோலார் அங்கே தோற்கவில்லை, ஏழையை வெளியே நிறுத்திவிட்டு வென்றது.

தமிழ்நாட்டில் அதன் தொடக்கம் தெரியத் தொடங்கிவிட்டது. சூரிய வீடு திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு கோடி வீடுகள் இலக்கு. 3 கிலோவாட் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். குஜராத்தும் மகாராஷ்டிரமும் அதை முந்திக்கொண்டு எடுக்க, தமிழ்நாடு பின்தங்கி நிற்கிறது. இங்கே எடுப்பவர்களும் பெரிய பில் கட்டும், கான்கிரீட் மாடியும் கையிருப்பும் உள்ள குடும்பங்கள்தான். “உனக்குத்தான் இலவசம் இருக்கிறதே” என்று நெசவாளரிடம் சொல்வதன் நடைமுறைப் பொருள் இது: எல்லோரும் வரி கட்டிச் சேர்த்த பொதுப்பணத்திலிருந்து மாடி வீட்டுக்கு 78,000 ரூபாய்ச் சொத்து, தறி வீட்டுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒரு சலுகை. இதை அக்கறை என்று ஏற்க முடியாது.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. முதலாவது, கூரையில் தகடு போட்டால் இலவச யூனிட் போய்விடுமோ என்ற அச்சத்தை ஐயத்துக்கு இடமில்லாத அரசாணையால் நீக்க வேண்டும். இரண்டாவது, நெசவாளர் கூரைகளைத் திரட்டி மின் பகிர்மானக் கழகமே தகடுகளை நிறுவ வேண்டும். ஒன்றிய மானியம் போக மீதியை மாநிலம் தன் சலுகைச் செலவிலிருந்து முன்கூட்டியே போட வேண்டும். மூன்றாவது, கூரை இல்லாதவருக்காகக் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் பொது நிலையமும், யூனிட்டைப் பல மீட்டருக்குப் பங்கிடும் விதியும் வேண்டும். நான்காவது, ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும், பழுதான தகட்டைத் திரும்பப் பெறும் பொறுப்பும் நிறுவுபவரைச் சேர வேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் சோலார் தகட்டையும் உள்ளடக்கியிருப்பதால் இதற்குச் சட்ட அடிப்படை ஏற்கெனவே உண்டு. ஐந்தாவது, கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் அரசு பணம் கொடுத்து எழுப்பும் ஒவ்வொரு புதிய கான்கிரீட் கூரையும் முதல் நாளிலிருந்தே தகட்டுக்கு ஏற்றதாக வார்க்கப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் 300 யூனிட் சலுகையைத் தொடவில்லை. அந்தச் சலுகை நெசவாளரின் உரிமை, அது தொடரட்டும். அடுத்த ஆறேழு ஆண்டுகளில் எப்படியும் செலவிடப்போகும் தொகையை அரசு இன்றே கூரையில் போட்டால், அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அரசுக்குச் சுமை குறையும், நெசவாளருக்கு உடைமை மிஞ்சும். இவ்வளவுக்குப் பிறகும் “நெசவாளிக்கு எதற்கு சோலார்” என்று கேட்பவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்: சொத்தாக மாற்றக்கூடிய பணத்தை ஆண்டுதோறும் கரைப்பதால் நெசவாளருக்கு என்ன நன்மை? அதற்கு விடை சொல்ல முடியாதவரை, சலுகையைக் காரணம் காட்டி அவருடைய கூரையை வெறுமையாக வைத்திருக்க எவருக்கும் உரிமை இல்லை.